துப்பாக்கி பிடித்த கை… குருகுலம் நடத்தியது ஏன்? வ.வே.சு. ஐயரின் சேரன்மகாதேவி கதை!

உடம்புக்குப் பயிற்சி கொடுத்தால் போதுமா, குணத்துக்கும் கொடுக்கணுமா? ராணுவத்தில் புதுசாகச் சேருபவர்களைப் பற்றி இன்றும் கேட்கப்படும் கேள்வி இது. நூறு வருஷத்துக்கு முன்பே தாமிரபரணிக் கரையில் இதற்கு விடை தேடியவர் வ.வே.சு. ஐயர்.

யார் இவர்?

1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். சட்டம் படிக்க லண்டன் போன இடத்தில் சாவர்க்கருடன் சேர்ந்து புரட்சிக்காரர் ஆனார். ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பாரிஸ்டர் பட்டமே கைநழுவியது. 1910-ல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் இவர்தான்.

மனம் மாறியது எப்படி?

காந்தியைச் சந்தித்த பிறகு ஆயுதப் பாதையை விட்டார். ஆனால் இளைஞர்களைத் தயார்படுத்தும் வேலையை விடவில்லை. 1922-ல் தொடங்கிய அவரது குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்தது. படிப்போடு உடற்பயிற்சி, விவசாயம், கைத்தொழில் எல்லாம் உண்டு. தேசத்துக்கு உழைக்கும், கட்டுப்பாடான பிள்ளைகளை உருவாக்குவதே நோக்கம்.

சிக்கல் எங்கே வந்தது?

சாப்பாட்டுப் பந்தியில்! பிராமண மாணவர்கள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயர் தரப்பு. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் சாதிப் பந்தியா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள். காங்கிரஸ் ரூ.10,000 தருவதாகச் சொல்லி, அதில் ரூ.5,000 கொடுத்திருந்தது. விவகாரம் காந்தி வரைக்கும் போனது. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே வருஷக் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம்.

கடைசி நாள்

1925 ஜூனில் மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குப் போனார் ஐயர். அங்கே தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தார். இருவருமே திரும்பவில்லை. அவருக்கு வயது 44.

என்ன பாடம்?

அடுத்தவர் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுக்கும் துணிச்சல் ஐயரிடம் கடைசி வரை இருந்தது. ஆனால் ஒன்றாக ஓடி, ஒன்றாக உழைத்த பசங்க ஒரே பந்தியில் உட்காரவில்லை. சேர்ந்து பயிற்சி எடுப்பவர்கள் சேர்ந்து சாப்பிடவும் வேண்டும். குணத்தைச் செதுக்கும் எந்தப் பயிற்சிக்கும் முதல் பாடம் அதுதான்.