24 பேர் சுமந்து சென்ற சாமி துரை

வன்னியில் வளர்ந்தவர்களுக்குத் தேத்தண்ணி வெறும் பானம் அல்ல. இடப்பெயர்வுகளில் சோறு இல்லாத நாட்களிலும் எப்படியோ ஒரு பிளேன் ரீ கிடைத்தது. சீனி இல்லாவிட்டால் உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டு. சாயம் கூடினால் பசி கொஞ்சம் அடங்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நம்பினார்கள். அந்தக் கறுத்த சாயம் எந்த மலையிலிருந்து, யாருடைய கைகளால் வந்தது என்று அந்த நாட்களில் நாங்கள் கேட்டதில்லை. ஊடகத் தொழிலுக்கு வந்து, கண்டிப் பக்கம் அடிக்கடி போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குள் அந்தக் கேள்வி எழுந்தது. அதைத் தொடர்ந்து போனால் முதலில் எதிர்ப்படுகிறவர் ஜேம்ஸ் டெய்லர்.

டெய்லர் 1835 மார்ச் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் பிறந்தார். தகப்பன் வண்டிச் சில்லு செய்யும் தச்சர். ஒன்பது வயதில் தாயை இழந்தார். 1852 பெப்ரவரியில் கொழும்பில் வந்து இறங்கியபோது அவருக்கு 17 வயதும் நிறையவில்லை. ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம், மூன்று வருட ஒப்பந்தம். கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கு அப்பால் உள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு உதவியாளராக வந்தவர், சாகும்வரை அங்கேயே இருந்தார். 40 வருடங்கள். பிறந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள்தான் ஊருக்குப் போயின.

அவர் வந்த காலம் கோப்பிக் காலம். மலைகளெங்கும் காடு அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளைவரை கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பிந்திய காலத்தில் நாங்கள் மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்த மன்னார்ப் பக்கக் காடுகளில், எங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே அவர்கள் நடந்திருக்கிறார்கள். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனது அந்தத் தடத்தை நினைத்துத்தான்.

விறாந்தையில் தொடங்கிய தொழில்

1867இல் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 7ஆம் நம்பர் மலை என்று அதற்குப் பெயர். பேராதனைப் பூங்காவிலிருந்து கிடைத்த தேயிலையை அதற்கு முன்னரே சிறிதாக நட்டுப் பார்த்திருந்தார். நடுவது எப்படியோ முடிந்தது. கிள்ளிய கொழுந்தைத் தூளாக்குவது எப்படி என்பதுதான் புதிர். தொழிற்சாலை இல்லை, இயந்திரம் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. இந்தியத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது, கொழுந்தை வாட்டுவதையும் உருட்டுவதையும் செய்து காட்டியதாக அறிகிறோம்.

பங்களா விறாந்தையே அவருடைய முதல் ஸ்டோர். வாடிய கொழுந்தை மேசைகளில் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கையை அழுத்தி உருட்டினார்கள். உருட்டும்போது இலை கசங்கி, சாறு வெளியே வந்து காற்றோடு சேரும். பச்சை செம்பு நிறமாகும். பிறகு களிமண் அடுப்பில், கரி நெருப்பின் மேல், கம்பித் தட்டுகளில் காய வைத்தார்கள். காய்ந்ததும் இலை கறுக்கும். சாயம், வாசம், கடுப்பு எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது. கொஞ்சம் பிந்தினால் வாசம் போய்விடும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை நிற்கும். இதைக் கையும் மூக்கும் கண்ணுமாகப் பழகியவர்களில் டெய்லர் ஒருவர். மற்றவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தேயிலை கண்டியில் இறாத்தல் ஒன்று 1 ரூபா 50 சதத்துக்கு விலைபோனது. 1872இல் அவர் தனியாக ஒரு தொழிற்சாலை கட்டினார். கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றையும் தானே வடிவமைத்தார். 1873இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை லண்டன் போய்ச் சேர்ந்தது. அதற்குள் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்னத் தொடங்கியிருந்தது. மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவையும் டெய்லர்தான் முன்னின்று பயிரிட்டுக் காட்டினார். ஆனால் கோப்பி விட்ட இடத்தை இறுதியில் தேயிலையே பிடித்தது. 1880இல் 81 தொன்னாக இருந்த ஏற்றுமதி, 1890இல் 22,900 தொன்னானது.

1874இல் அவர் எடுத்த ஒரே நீண்ட விடுமுறையில் போன இடம் டார்ஜிலிங். அங்கேயும் தேயிலையைத்தான் பார்த்தார்.

சாயத்தை அளப்பது எப்படி

கண்டிப் பக்கத் தொழிற்சாலை ஒன்றின் சுவைபார்க்கும் மேசையருகே நான் நின்றிருக்கிறேன். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே நிறைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஐந்தாறு நிமிடம். பால் இல்லை, சீனி இல்லை. முதலில் காய்ந்த தூளைப் பார்ப்பார்கள். பிறகு மூடியில் கவிழ்த்த நனைந்த இலையின் நிறத்தைப் பார்த்து மணப்பார்கள். கடைசியாகத்தான் கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, வாயெங்கும் சுழற்றித் துப்புவார்கள். யாழ்ப்பாணத்தில் சுருட்டுக்குப் புகையிலை தெரிந்தெடுக்கிறவர் இலையை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய்க் காரத்தைச் சொல்வது எனக்கு நினைவுக்கு வந்தது. வேலை வேறு, கலை ஒன்று.

மூன்று கோப்பைகளை அடுத்தடுத்துச் சுவைத்தால் வித்தியாசம் யாருக்கும் விளங்கும். நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறம். வாசம் முந்தி வரும், நாக்கில் பாரமில்லை. தெற்கின் தாழ்நிலத் தேயிலை கறுத்தது, தடித்தது. கண்டித் தேயிலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செம்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கும். கடுப்பு உண்டு, ஆனால் தொண்டையை அறுக்காது. 2,000 முதல் 4,000 அடி வரையான மலைகளின் குணம் அது. பால் ஊற்றினாலும் அதன் சாயம் தோற்காது. நமது கடைகளில் கிடைக்கும் தூள் பெரும்பாலும் இப்படிப் பல மலைகளின் கலவைதான். கலவை செய்கிறவர் வாசத்துக்கு ஒன்றும், சாயத்துக்கு ஒன்றும், விலையைக் குறைக்க இன்னொன்றும் சேர்க்கிறார். குடிக்கிறவருக்குத் தோட்டத்தின் பெயர் தெரியாது.

கடைசிக் காலம்

1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். உலகம் தேயிலையை அவருடைய பெயரால் அறிந்துகொண்டது. டெய்லருக்கு அவருடைய கடைசிக் காலத்தில் தோட்டக்காரர் சமூகம் ஒரு வெள்ளித் தேநீர்ச் செட்டைப் பரிசாகக் கொடுத்தது. சொந்தத் தோட்டமோ பெரிய பணமோ அவரிடம் சேரவில்லை. லூல்கந்துர கைமாறிக்கொண்டே போனது. 1892இல் தோட்டத்தை நடத்திய கம்பனி அவரை வெளியேறச் சொன்னது. 40 வருடம் வாழ்ந்த மலையை விட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. வயிற்றோட்ட நோயில் விழுந்து, அந்த ஆண்டு மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே உயிர்விட்டார். வயது 57.

உடல் 246 இறாத்தல் நிறை, ஏறத்தாழ 112 கிலோ. 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாறி மாறி, மலைப்பாதையில் அவரைக் கண்டி நகர்வரை சுமந்து வந்தார்கள். கங்காணிகளும் தொழிலாளர்களும் பின்னால் நடந்தார்கள். அவர்கள் அவரைச் சாமி துரை என்று அழைத்ததாகச் சொல்லப்படுகிறது. மகியாவ மயானத்தில் உள்ள அவருடைய கல்லறை, இத்தீவில் தேயிலைக்கும் சின்கோனாவுக்கும் முன்னோடி என்று அவரைக் குறிக்கிறது.

இந்த அழைப்பை எப்படி விளங்கிக்கொள்வது? அன்பு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் கடன் தீர்ந்தது என்ற துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகமுடியாத காலம் அது. 1921வரை அந்தத் துண்டு முறை இருந்தது. அந்த ஏற்பாட்டின் உள்ளேதான் டெய்லரும் துரையாக இருந்தார். அவரைக் கும்பிடத் தேவையில்லை. அவருடைய உழைப்பை மறைக்கவும் தேவையில்லை. கம்பனிக்கு வேண்டாமல் போனதும் அவரும் போகச் சொல்லப்பட்டார் என்பது, அந்த ஏற்பாடு யாரிடமும் விசுவாசம் காட்டவில்லை என்பதற்குச் சாட்சி.

அவரைச் சுமந்தவர்களின் பின்வந்தோருக்கு நடந்தது நமக்குத் தெரியும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று, அவர்களைக் கேட்காமலே முடிவானது. 1958, 1977, 1983 வன்முறைகளில் அடிபட்டு வடக்கே வந்தவர்கள் வவுனியாவிலும், கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் அவர்களும் எங்களோடு முள்ளிவாய்க்கால்வரை வந்தார்கள். அங்கே இறந்தவர்களில் எத்தனை பேருடைய பூட்டன் பூட்டி மலையில் கொழுந்து கிள்ளியவர்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அப்படியிருந்தும் அவர்களை வந்தவர்கள் என்று ஒதுக்கிப் பேசும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாகப் போகவில்லை.

டெய்லருக்குக் கல்லறை இருக்கிறது, கடிதங்கள் இருக்கின்றன, ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் ஓர் இடமும் இருக்கிறது. அந்த 24 பேரின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை. அவர்களுடைய சந்ததி மலையில் லயங்களிலும் வன்னிக் குடியிருப்புகளிலும் இருக்கிறது. பாட்டன் எந்தத் தோட்டம், எந்த மலை, எந்தக் கங்காணியோடு வந்தார் என்பதைச் சொல்லக்கூடிய வயதானவர்கள் இன்றும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நம்மால் முடிந்த வேலை.