சாங்கோபாங்க சுவாமி: குருவில்லாத கோவில்களுக்காக எழுதியவர்

மன்னார் – மதவாச்சி வீதியில் உயிலங்குளம், முருங்கன் என விரிந்து செல்லும் மாதோட்டப் பகுதி, ஈழத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. மூவிராசாக்கள், ஞானசவுந்தரி, எண்டிறிக்கு எம்பரதோர் முதலிய நாடகங்களை விடிய விடிய ஆடிய மண் அது. வடபாங்கு, தென்பாங்கு என இரு மரபுகளைப் பேணி வந்த பெருமையும் மன்னாருக்கு உண்டு. கோவிலுக்காகக் கூத்து எழுதிய புலவர்கள் பலரின் பெயர் அவரவர் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. அந்தப் பணியையே ஆயுட்காலப் பணியாக ஏற்றுக்கொண்ட ஒருவரின் பெயர் மட்டும் முந்நூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கிறது. அவர்தான் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழ் மக்கள் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்றழைத்தனர்.

1676ஆம் ஆண்டு கோவாவை அடுத்த திவார் தீவில் ஒரு கொங்கணிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கோவாவில் கல்வி கற்றுக் குருப்பட்டம் பெற்று, ஒரற்றோரியன் சபையில் சேர்ந்தார். 1705இல் இலங்கைக்குப் புறப்பட்டு, தமிழகம் வழியாகப் பயணம் செய்து தலைமன்னாரில் கரையிறங்கினார்.

அவர் வந்திறங்கிய காலம் எத்தகையது என்பதை அறிந்தால்தான் அவருடைய எழுத்தின் அருமை விளங்கும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தை மக்கள் காட்டுக்குள் மருதமடுவுக்குக் கொண்டு சென்றதும் இக்காலத்தில்தான். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் முனிவர் தனியொருவராகப் பணியைத் தொடங்கினார். பின்னர் சில துணைவர்கள் வந்து சேர்ந்தபோதும், ஊர்கள் பல, குருக்களோ ஒரு சிலர். ஆண்டுக்கு ஒருமுறை குருவானவரைக் கண்டாலே பெரும்பேறு என்ற நிலை.

இந்த இடைவெளியை நூல்களால் நிரப்ப வேண்டும் என்று கருதிய வாஸ் முனிவர், அப்பொறுப்பைக் கொன்சால்வெஸ் அடிகளாரிடம் ஒப்படைத்தார். அடிகளார் கண்டிக்குச் சென்று சிங்களத்தைப் பழுதறக் கற்றார். தமிழிலும் தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் போலவத்தையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, ஏட்டில் படியெடுப்போரை அமர்த்தி, இரு மொழிகளிலும் நூல்களை எழுதி ஊர்தோறும் அனுப்பினார். அச்சு இயந்திரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது; ஆணியும் ஓலையுமே இவரது ஆயுதம்.

அவற்றுள் தலையாயவை கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியவை. சிங்களத்தில் 1728இல் எழுந்த துக்பிராப்தி பிரசங்கய ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. தமிழில் வியாகுலப் பிரசங்கம். பெயர் பிரசங்கம் என்றிருப்பினும் அது மேடை அறிந்தவன் எழுதிய எழுத்து என்றே கூற வேண்டும். அமைதியாகப் படிப்பதற்கன்றி, இராகத்துடன் உரக்க வாசித்துக் கூட்டத்தை அழவைப்பதற்கென்றே அமைந்தது. நம் நாட்டு ஒப்பாரிக்குப் பழகிய செவிகள் தாயின் துயரை அதிலே இனங்கண்டன. சொரூபங்களைக் கொண்டு பாடுகளின் காட்சிகளை நடத்தும் வழக்கத்துக்கு உரையாக நின்றதும் இத்தகைய வாசகங்களே. நீர்கொழும்பை அடுத்த தூவாவின் பாஸ்கு அவ்வழி வந்தது. வடபுலத்தின் உடக்குப் பாஸும் அதற்கு உறவுடையதே.

இங்கே கவனிக்க வேண்டியது, வாசிப்பதற்குக் குருப்பட்டம் தேவையில்லை என்பது. எழுத்தறிந்த மூப்பரோ அண்ணாவியாரோ ஏட்டை எடுத்தால் போதும். பெரிய வெள்ளியன்று ஊர் கூடிவிடும். ஒல்லாந்தரின் கட்டளை குருவைத் தடுத்தது. ஏட்டுச் சுவடியை அது எவ்வாறு தடுக்கும்?

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் புலவர் அவையில் வீற்றிருக்கத்தக்க தேம்பாவணியைப் பாடினார். கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது மீனவருக்கும் உழவருக்கும். இலக்கிய வரலாறுகள் முன்னவருக்கு அதிகாரங்களை ஒதுக்கிப் பின்னவரை ஓரிரு வரிகளில் கடந்து செல்வது நியாயமன்று.

அவரது எழுத்து முழுவதும் போற்றுதற்குரியது என்று கூறவும் இயலாது. கல்வினிய மதத்தையும் பௌத்தத்தையும் சாடி அவர் இயற்றிய கண்டன நூல்கள் இன்று ஆய்வாளருக்கே பயன்படும். அவற்றின் கடுமை கண்டியில் கத்தோலிக்கர்பால் நிலவிய நல்லெண்ணத்தைக் குலைத்திருக்கும் என்று எண்ணவும் இடமுண்டு. வாதிட்ட நூல்கள் உறங்க, அழுத நூலே நிலைத்தது.

1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி போலவத்தையில் அவர் காலமானார். அங்குள்ள ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் கண்டி அரசும் குருக்களை வெளியேற்றியது. எந்நாளுக்காக அவர் எழுதி வைத்தாரோ அந்நாள் வந்தது. ஏடுகள் தம் வேலையைச் செய்தன.

மன்னாரின் கூத்துப் புலவர்களுக்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முயன்று மன்னார் நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அவ்வாறு அச்சேறாதவை அண்ணாவிமார் வீடுகளில் கையெழுத்துக் கொப்பிகளாகவே இருந்தன. போர்க்காலத்தில், குறிப்பாக 2007, 2008ஆம் ஆண்டுகளில், மாதோட்டத்து மக்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தனர். மடுமாதாவின் சொரூபமே 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. பெட்டிக்குள் இருந்த கூத்துக் கொப்பியை எடுத்துச் செல்ல யாருக்கு நேரமிருந்திருக்கும்? பாட்டையும் ஆட்டத்தையும் மனத்திலே தாங்கிய மூத்த அண்ணாவிமாரிடம் கேட்டு எழுதும் வேலையை, அவர்கள் வாழும் காலத்திலேயே மறைமாவட்டமும் பல்கலைக்கழகத்து நுண்கலைத் துறையினரும் இணைந்து செய்தல் வேண்டும். சாங்கோபாங்க சுவாமி அன்று அமர்த்தியதைப் போலப் படியெடுப்போர் சிலர் இருந்தால் போதும்.