கூச்சலுக்குத் தலை வணங்காதவர்!
கால்பந்து வீரர் வால்ட்டர் டல் வாழ்க்கை

1909-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். இங்கிலாந்தின் மேற்கே உள்ள பிரிஸ்டல் நகரில் கால்பந்தாட்டம் நடக்கிறது. உள்ளூர் அணியான பிரிஸ்டல் சிட்டியை எதிர்த்து ஆட லண்டனிலிருந்து டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி வந்திருக்கிறது. மைதானத்தைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள்.

லண்டன் அணியின் முன்வரிசையில் ஓர் இளைஞர். வயது 21. பந்து காலில் பட்டால் அதை எங்கே அனுப்ப வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டவர் போல நிதானமாக ஆடுகிறார். மைதானத்தில் உள்ள 22 பேரில் அவர் ஒருவர் மாத்திரமே கறுப்பு நிறத்தவர்.

அவர் காலுக்குப் பந்து வந்ததும் பார்வையாளர் கூட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து கூச்சல் கிளம்புகிறது. அவருடைய ஆட்டத்தைப் பழிக்கும் கூச்சல் அல்ல. நிறத்தையும் பிறப்பையும் இழிவு செய்யும் வசை! ஒருவன் தொடங்க, பக்கத்தில் நிற்பவன் சேர்ந்துகொள்ள, ஒரு கூட்டமே கத்துகிறது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த இளைஞர் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை, ஆட்டத்தையும் நிறுத்தவில்லை. அன்று மைதானத்தில் மிகச் சிறப்பாக ஆடிய முன்வரிசைக்காரர் அவர்தான் என்று பத்திரிகை எழுதும் அளவுக்கு ஆடி முடித்தார்.

அவர்தான் வால்ட்டர் டல்.

அடிமையின் பேரன்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று பார்படாஸ். கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன தீவு. அத்தோட்டங்களில் உழைத்து மடிந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். வால்ட்டரின் பாட்டனாரும் அடிமையாக இருந்தவரே.

அடிமை முறை ஒழிந்த பிறகு பிறந்தவர் டேனியல் டல். தச்சு வேலை கற்றுக்கொண்டு, பிழைப்பைத் தேடிக் கப்பலேறி, 1876-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போக்ஸ்டன் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆலிஸ் பால்மர் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய மகனாக வால்ட்டர் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி பிறந்தான்.

தச்சர் வீட்டில் செல்வம் இல்லை. ஆயினும் குறையில்லாத குடும்பம். அது நீடிக்கவில்லை. வால்ட்டருக்கு 7 வயது நடக்கும்போது தாய் புற்றுநோயால் மாண்டாள். குழந்தைகளைக் காப்பதற்காகத் தந்தை, மனைவியின் உறவுப் பெண்ணையே மறுமணம் செய்துகொண்டார். இரண்டு ஆண்டு கழிவதற்குள் தந்தையும் இதய நோயால் இறந்தார்.

மாற்றாந்தாய் கொடுமைக்காரி அல்ல. ஆனால் மூத்த தாரத்துக் குழந்தைகளையும் தன் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல் தவித்தாள். வேறு வழியின்றி, 1898-ஆம் ஆண்டு வால்ட்டரையும் அவன் அண்ணன் எட்வர்டையும் லண்டனில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திவந்த அநாதை இல்லத்தில் சேர்த்தாள். அப்போது வால்ட்டருக்கு வயது 9.

அண்ணனும் தம்பியும்

அந்த இல்லத்துச் சிறுவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடி, இல்லத்துக்கு நிதி திரட்டுவது வழக்கம். அப்படிப் பாடச் சென்ற எட்வர்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த பல் வைத்தியர் குடும்பம் விரும்பி, 1900-ஆம் ஆண்டில் தத்து எடுத்துக்கொண்டது. பின்னாளில் எட்வர்டும் பல் வைத்தியரானார்.

தம்பி தனியே நின்றான். தாய் போனாள், தந்தை போனார், இப்போது அண்ணனும் போனான். ஆறுதலாக மிஞ்சியது இல்லத்தின் கால்பந்து அணி ஒன்றுதான்.

பகலில் அச்சுத் தொழில் பழகினான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பந்து ஆடினான். 1908-ஆம் ஆண்டு கிளாப்டன் என்ற லண்டன் அமெச்சூர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரே பருவத்தில் கிளாப்டன் அணி அகில இங்கிலாந்து அமெச்சூர் கோப்பை உள்பட மூன்று கோப்பைகளை வென்றது. அச்சுக்கூடத்துப் பையனின் பெயர் பத்திரிகைகளில் அச்சாயிற்று!

பெரிய அணியின் அழைப்பு

முதல் டிவிஷனுக்கு அப்போதுதான் உயர்ந்திருந்த டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி அவரை அழைத்தது. 1909-ஆம் ஆண்டு கோடையில் அந்த அணியுடன் தென் அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்து அர்ஜெண்டினாவிலும் உருகுவேயிலும் ஆடினார். திரும்பி வந்ததும் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம். சேர்வதற்கு 10 பவுன்; வாரச் சம்பளம் 4 பவுன். அக்காலத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. உச்சச் சம்பளமே அவருக்குக் கிடைத்தது.

இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்தில் கறுப்பு நிறத்தவர் அதற்கு முன்பும் இருந்ததுண்டு. இன்றைய கானா நாட்டில் பிறந்த ஆர்தர் வார்ட்டன் என்ற கோல்காவலர் 1880-களிலேயே பெயர் பெற்றவர். ஆனால் முதல் டிவிஷனில், அதுவும் பாய்ந்து கோல் போடும் வரிசையில், கறுப்பு நிறத்தவர் ஒருவர் ஆடுவது ஜனங்களுக்குப் புதிது.

செப்டம்பரில் சந்தர்லாந்து அணிக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். பிறகு சொந்த மைதானத்தில் பலம் மிக்க மாஞ்செஸ்டர் யுனைடெட் அணியுடன் மோதல். புதியவரின் ஆட்டத்தைப் பத்திரிகைகள் மெச்சின. பிராட்போர்டு சிட்டி அணிக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, பிரிஸ்டல் நகருக்குப் போகும் வரை.

ஒரு நிருபரின் நேர்மை

பிரிஸ்டலில் நடந்ததை அன்றே மறைத்திருக்கலாம். அக்காலத்தில் அதைக் குற்றமாகக் கருதும் சட்டம் இல்லை. ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு விதி இல்லை. கத்தியவர்களை யாரும் வெளியேற்றவில்லை.

ஆனால் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பத்திரிகை நிருபர் பேசாமல் இருக்க மறுத்துவிட்டார். பார்வையாளரில் ஒரு பகுதியினர் கோழைத்தனமாக நடந்துகொண்டார்கள் என்றும், மீன் சந்தையில்கூடக் கேட்க முடியாத மட்டமான பேச்சைப் பேசினார்கள் என்றும் எழுதினார். மனத் தூய்மையிலும் ஆட்டமுறையிலும் வால்ட்டர் டல், வெள்ளை ஆட்டக்காரர் அனைவருக்கும் முன்மாதிரி என்றும் சொன்னார்.

இதைக் கவனிக்க வேண்டும். அவர் ஊர் முழுவதையும் பழிக்கவில்லை. கத்தியவர்களை மாத்திரமே சுட்டிக் காட்டினார். தாக்கப்பட்டவரைப் பார்த்து வெறுமனே பரிதாபப்படவும் இல்லை. அவருடைய ஆட்டத்தின் மேன்மையை எடுத்துச் சொன்னார். அன்று அந்த மைதானத்தில் என்ன நடந்தது என்பது இன்று நமக்குத் தெரிவது அவர் எழுதியதால்தான்.

ஆனால் ஒருவர் எழுதினால் போதுமா? அணி நிர்வாகம் சில ஆட்டங்களுக்குப் பிறகு வால்ட்டரை இரண்டாம் அணிக்கு மாற்றியது. அங்கே சோர்ந்துவிடாமல் ஆடினார், கோல்கள் போட்டார். ஆயினும் இரண்டு பருவங்களில் முதல் அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் 10 தான். போட்ட கோல்கள் 2.

மறுவாழ்வு தந்த ஊர்

பூட்ஸ் தொழிலுக்குப் பேர்போன நகரம் நார்தாம்ப்டன். அந்நகர் அணியின் மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன், பின்னாளில் ஹட்டர்ஸ்பீல்டு, ஆர்சனல் அணிகளைச் சாம்பியன்களாக்கிய மேதை. அவர் நிறத்தைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார். 1911-ஆம் ஆண்டு அக்டோபரில் கணிசமான தொகை கொடுத்து வால்ட்டரை வாங்கினார்.

அங்கே நடு வரிசையில் நின்று ஆடிய வால்ட்டர், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் அந்த அணிக்குத் தூணாக விளங்கினார். பிரிஸ்டல் நகரத்தின் இன்னோர் அணியான ரோவர்ஸை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் 4 கோல்கள் போட்டதும் உண்டு! நார்தாம்ப்டன் ரசிகர்கள் அவரைத் தங்கள் ஊர்ப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். அதே நாடு, அதே விளையாட்டு, அதே மனிதர். கூட்டம்தான் வேறு!

போர் முனையில்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. கால்பந்து வீரர்களுக்கென்றே ஒரு பட்டாளம் திரட்டப்பட்டது. டிசம்பர் மாதத்திலேயே வால்ட்டர் அதில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பிரான்சுக்குச் சென்றார். ஓயாத பீரங்கி முழக்கம் அவர் மனத்தையும் உடலையும் உலுக்கியது. 1916-இல் சிகிச்சைக்காகத் தாயகம் திரும்பினார். குணமானதும் மீண்டும் போர்முனை; சோம் போர்க்களம்; மறுபடியும் காய்ச்சல்.

இதற்கிடையே மேலதிகாரிகள் அவருடைய திறமையைக் கண்டார்கள். ஐரோப்பிய வம்சத்தில் பிறந்தவர்களே ராணுவ அதிகாரியாகலாம் என்பது அக்காலத்து விதி. அந்த விதி ஏட்டில் இருக்கும்போதே, 1917-ஆம் ஆண்டு மே 30-ந் தேதி வால்ட்டர் டல் செகண்ட் லெப்டினென்ட் ஆனார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியான முதல் சில கறுப்பர்களில் அவரும் ஒருவர். ஒரு காலத்தில் வெள்ளையர் கூட்டம் ஏளனம் செய்த மனிதரின் கட்டளைக்கு வெள்ளைச் சிப்பாய்கள் கீழ்ப்படிந்து நடந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய படை இத்தாலிக்கு அனுப்பப்பட்டது. பியாவே நதியின் அக்கரையில் எதிரிகள். இரவின் இருளில் 26 வீரர்களுடன் நதியைக் கடந்து எதிரியின் எல்லைக்குள் புகுந்தார் வால்ட்டர். போன காரியத்தை முடித்துக்கொண்டு, ஒரு வீரரைக்கூட இழக்காமல் அனைவரையும் திருப்பி அழைத்து வந்தார். அவருடைய வீரத்தையும் பதற்றமில்லாத நிதானத்தையும் தளபதி பாராட்டினார். பிரிஸ்டல் மைதானத்தில் கண்ட அதே நிதானம்!

1918 மார்ச்சில் படை பிரான்சுக்குத் திரும்பியது. ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கியிருந்தது. மார்ச் 25-ந் தேதி, பவ்ரே என்ற கிராமத்தருகே பின்வாங்கும்போது குண்டு பட்டு வால்ட்டர் விழுந்தார். முப்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதமே பாக்கி.

ஒரு காலத்தில் கோல்காவலராக ஆடிய சிப்பாய் ஒருவர், பாயும் குண்டுகளுக்கு நடுவே அவர் உடலை இழுத்து வர முயன்றார். முடியவில்லை. வால்ட்டருக்குக் கல்லறை கிடையாது. கல்லறை இல்லாத வீரர்களின் பெயர்களோடு ஆராஸ் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கூச்சல் ஓய்ந்ததா?

வால்ட்டர் மறைந்து 70 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கூச்சல் ஓயவில்லை. 1988-இல் லிவர்பூல் அணியின் ஜான் பார்ன்ஸ் மீது வாழைப்பழம் வீசினார்கள். அவர் அதைக் குதிகாலால் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

ஆனால் அக்காலத்தில்தான் ஒரு மாறுதலும் தொடங்கியது. லீட்ஸ் நகர ரசிகர்கள் சிலர், தங்கள் மைதானத்தை நிறவெறியர்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று துணிந்தார்கள். துண்டுப் பிரசுரம் அச்சிட்டு மைதான வாசலில் விநியோகித்தார்கள். எதிரணி ரசிகர்களைத் திருத்த அவர்கள் புறப்படவில்லை. தங்கள் பக்கத்தில் நிற்பவனையே தட்டிக் கேட்டார்கள்.

1991-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. மைதானத்தில் நிறத்தைப் பழித்துக் கூச்சலிடுவது குற்றமாயிற்று. தனி ஒருவன் கத்தினாலும் குற்றம் என்று 1999-இல் அது திருத்தப்பட்டது. பின்னர் ஐரோப்பிய ஆட்டங்களில், கூச்சல் எழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எச்சரிக்கலாம், அணிகளை வெளியே அழைத்துச் செல்லலாம், ஓயாவிட்டால் ஆட்டத்தையே கைவிடலாம் என்று மூன்று படிகள் வகுக்கப்பட்டன.

2019-ஆம் ஆண்டு அக்டோபரில் பல்கேரியாவின் சோபியா நகரில் இங்கிலாந்தின் கறுப்பு வீரர்களைப் பழித்துக் கூச்சல் கிளம்பியது. ஆட்டம் இரு முறை நிறுத்தப்பட்டது. இடைவேளையில் பல்கேரிய அணித் தலைவர் போப்போவ் தம் நாட்டு ரசிகர்களிடமே சென்று வாதாடினார். இங்கிலாந்து 6 கோல்கள் போட்டு வென்றது. பிரிஸ்டல் சம்பவம் நடந்து 110 ஆண்டுகள். அதே அக்டோபர் மாதம்!

ரசிகரின் கடமை

சட்டமும் விதியும் வேண்டியவைதான். ஆனால் ஆயிரம் பேர் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் கத்துவது போலீசுக்குக் கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கிறது. அவர் சிரித்தால் கூச்சல் வளரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிலைக்கும். சேர மறுத்து, மைதானக் காவலரிடம் ஆளைக் காட்டிக் கொடுத்தால் அடங்கும். பழிக்கப்பட்ட வீரர் எதிரணியைச் சேர்ந்தவரானாலும் அவருடைய நல்ல ஆட்டத்துக்குக் கை தட்டினால், கத்தியவன் தனியாளாகி நிற்பான். வசைக்கு வசை பாடுவதும் கைகலப்பில் இறங்குவதும் பயன் தரா. அதனால் குற்றவாளி யார் என்பதே மறைந்துபோகும்.

1999-ஆம் ஆண்டு நார்தாம்ப்டன் மைதானத்தின் அருகே வால்ட்டர் டல்லுக்கு நினைவுச் சுவர் எழுப்பினார்கள். அங்குள்ள சாலைக்கும் அவர் பெயர். ஆட்டம் பார்க்கச் செல்லும் ரசிகர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

பிரிஸ்டலில் கத்தியவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கத்தாமல் நின்றவர்களின் பெயரும் தெரியாது. அன்று அவர்களில் ஒரு நூறு பேர் வால்ட்டருக்காகக் கை தட்டியிருந்தால், அந்த நிருபர் எழுதிய செய்தியே வேறாக இருந்திருக்கும்.