பரிசு வாங்காத பேராசிரியர்



வாந்திபேதி என்றாலே அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்கள் நடுங்கும். காலையில் நடமாடிய ஆள் இரவுக்குள் போய்விடுவார். அந்தக் காலரா எப்படிக் கொல்லுகிறது என்று கண்டுபிடித்தவர் டாக்டர் சம்புநாத் தே.

1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். உதவித்தொகையில் படித்து, 1939-இல் கல்கத்தாவில் டாக்டரானார். 1949-இல் லண்டனில் பி.எச்.டி. பட்டம் பெற்றார். பிறகு ஊர் திரும்பி, நோயியல் பேராசிரியராகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

காலரா நஞ்சு இரத்தத்தில் கலந்து கொல்வதாகவே பலரும் நினைத்திருந்தார்கள். தே ஒரு முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. அடுத்து, கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரைச் செலுத்தினார். அப்போதும் உப்பியது! கிருமி கக்கும் நஞ்சு குடலில் இருந்தபடியே உடம்பின் நீரை இறைத்துவிடுகிறது என்று 1959-இல் உலகுக்குச் சொன்னார். இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டினால் ஆள் பிழைப்பார். கிளினிக்கில் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் செய்வதும் அந்த வேலைதான்.

இத்தனை செய்தவருக்கு நாட்டின் பெரிய விருது ஒன்றுகூடக் கிடைக்கல. 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் அறக்கட்டளை தனது காலராக் கருத்தரங்குக்கு அழைத்தபோதுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். 1985-இல் மறைந்தார்.

பெற்றோர்களே, இன்று வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளையை ஏசாதீர்கள். பிள்ளைகளே, மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும், நாளைக்குப் புத்தகத்தை எடுங்கள்.