குறைந்த செலவுத் திகில் படத்தின் கறுப்பின நாயகன் டுவேன் ஜோன்ஸ்

அமெரிக்க நடிகர் டுவேன் ஜோன்ஸ் இலக்கியம் கற்பித்தவர். சுமார் 1,14,000 டாலர் செலவில் ஜார்ஜ் ரொமேரோ இயக்கி, 1968-இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' திகில் படத்தில் பென் என்ற நாயகனாக நடித்தார். திரைக்கதை பென்னின் இனத்தைக் குறிப்பிடவில்லை. முரட்டு லாரி ஓட்டுநருக்காக எழுதப்பட்ட வசனத்தை, படித்தவர் பேச்சாக ஜோன்ஸே மாற்றினார். நடமாடும் பிணங்களிடம் விடியும்வரை தப்பிப் பிழைக்கும் பென்னை, தேடி வந்த வெள்ளையர் கூட்டம் பிணமெனக் கருதிச் சுட்டுக் கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில், அக்காட்சி வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

பின்னர் 1973-இல் பில் கன்னின் 'கஞ்சா அண்ட் ஹெஸ்' தவிர, குறிப்பிடத்தக்க நாயக வேடங்கள் அவருக்கு அமையவில்லை. கல்லூரி ஆசிரியராகவும் நாடக இயக்குநராகவும் பணியாற்றிய ஜோன்ஸ், 1988 ஜூலை 22-இல் காலமானார்.