சேரிக்குச் சென்ற பேராசிரியர்

மட்டக்களப்பிலிருந்து தேற்றாத்தீவைக் கடந்து தெற்கே செல்லும் பெருவீதியில் உள்ள காரைதீவு, 1892இல் சுவாமி விபுலானந்த அடிகளாரை ஈன்றது. மயில்வாகனன் என்னும் பிள்ளைப்பெயர் கொண்ட அவர், 1911இற் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெற்றார். பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாகி, 1924இல் துறவு பூண்டார்.

துறவு அவரைப் பள்ளியினின்று பிரிக்கவில்லை. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வறிய சிறார் உண்டு உறைந்து கற்கவும் வழிகோலினார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். பகலிற் பல்கலைக்கழக மாணவர்க்குப் பாடஞ் சொன்ன அப்பெரியார், மாலையில் அயலிலுள்ள திருவேட்களச் சேரிக்குச் சென்று, தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தீண்டாமை வலுத்திருந்த அக்காலத்தில் அஃது எளிய செயலன்று.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரான அடிகளார், யாழ்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்தார்.

கலாசாலைச் சான்றிதழோடு ஆசிரியப் பயிற்சி முடிவதில்லை என்பதே அவர் வாழ்வு எமக்குணர்த்தும் பாடம். பள்ளிக்கு வாராத பிள்ளையை நாடி ஆசிரியன் செல்லும்பொழுதே அது நிறைவுறுகின்றது. வாவிக்கப்பால், படுவான்கரையில், அத்தகைய பிள்ளைகள் இன்றும் உளர். ஆசிரியப் பணி பூணும் எம் மாணவர் தோணி ஏறுவாராக!