கஞ்சிக் கடன் தீர்த்த முனிவர்



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருக்கும் உங்களுக்கு இந்தக் காட்சி புதியதல்ல. விடியற்காலையில் யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்த பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்குகிறது. தகப்பனாரின் கையில் ஒரு பை. அதற்குள் கிளினிக் கொப்பியும் பழைய மருந்துத் துண்டுகளும். மகரகமைக்குப் போக வேண்டும், அல்லது பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இனசனம் இருந்தால் அங்கே தங்குவார்கள். இல்லையேல் லொட்ஜில் ஓர் அறை. பாஷை தெரியாது, பாதை தெரியாது. வந்த இடத்தில் இன்னும் எத்தனை நாள் என்பதும் தெரியாது.

அந்நிய ஊரில் நோயாளியாய் விழுவது எத்தகைய துன்பம் என்பதை அநுபவித்து அறிந்த ஒருவர் நம்முடைய பீடங்களில் இன்று வணங்கப்படுகிறார். அவரே புனித யோசவ்வாஸ் முனிவர். கண்டிச் சிறையும் மழை பெய்த அற்புதமும் உங்களுக்குத் தெரிந்த கதைகள். இன்று அவருடைய வாழ்வில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க உங்களை அழைக்கிறேன். ஒன்றில் அவர் நோயாளி. மற்றதில் அவர் நோயாளரின் ஊழியர்.

முனிவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை இரங்கத்தக்கது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றியபின் குருக்கள் துரத்தப்பட்டனர், கோவில்கள் பறிக்கப்பட்டன, குருவானவருக்கு இடங்கொடுப்பவருக்கும் கடுந்தண்டனை காத்திருந்தது. மேய்ப்பனில்லாத அந்த மந்தையின் செய்தி கோவாவுக்கு எட்டியது. பிறர் தயங்க, யோசவ்வாஸ் புறப்பட்டார்.

1687ஆம் ஆண்டு, தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில், ஜோன் என்னும் பணியாளுடன் அவர் கடல் கடந்தார். காற்றும் பட்டினியும் தாகமும் அந்தப் பயணத்தை வாட்டின. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றுளைவு அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் குரு என்பது அங்கே எவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே ஊரார் கண்ணுக்கு அவர் எங்கிருந்தோ வந்த ஒரு பிச்சைக்காரர், தொற்றுநோய்க்காரர், அவ்வளவுதான். அத்தகையவரைக் கண்டால் மனிதர் என்ன செய்வார்கள்? விலகிப் போவார்கள். ஒதுக்குப்புறத்தில் சாகக் கிடந்தார் முனிவர்.

அவ்வேளையில் ஒரு பெண் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். முனிவரின் வரலாற்றை எழுதியவர்கள் அவளை இரக்கமுள்ள ஒரு பெண் என்று மட்டும் சொல்லிக் கடந்து போகிறார்கள். தான் காப்பாற்றுவது இந்நாட்டின் அப்போஸ்தலரை என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் கண்டது நோயாளியான ஓர் அந்நியனை. கொடுத்தது வீட்டுக் கஞ்சியை. முனிவர் எழுந்து நடந்தார். இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சி ஒரு சட்டி கஞ்சியில் தொடங்கிற்று என்று சொன்னால் அது மிகையாகுமா, வாசகரே?

குணமடைந்த முனிவர் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்று, மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவு வேளைகளில் பலிபூசை ஒப்புக்கொடுத்தார். ஒல்லாந்தரின் வேட்டை கடுமையாகவே, புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் சென்றார். அங்கேயும் வரவேற்புக் கிடைக்கவில்லை. 1692இல் போர்த்துக்கேய ஒற்றன் என்ற பழி சுமத்தப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறைக் காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றுக்கொண்டார். கொங்கணி பேசி வளர்ந்த அவர் தமிழரோடு தமிழிலும் சிங்களவரோடு சிங்களத்திலும் பேசினார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் மதிப்பைப் பெற்று, நடமாடும் சுதந்திரமும் அடைந்தார்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. 1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் பெரியம்மை பரவிற்று. அம்மைப்பால் குத்தும் முறையை ஜென்னர் கண்டறிந்தது 1796இல். அதற்கு இன்னும் 99 ஆண்டுகள் இருந்தன. அந்நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்படும்வரை அதற்கு அஞ்சாத ஊரில்லை. கண்டியிலும் அந்த அச்சம் புகுந்தது. மன்னன் நகரை விட்டகன்றான், பிரதானிகளும் அகன்றனர். தொற்றுக்குப் பயந்த மக்கள் நோய் கண்ட சொந்தப் பிள்ளைகளையும் பெற்றோரையுங்கூடக் காட்டோரங்களில் விட்டுச் சென்றார்கள்.

முனிவர் போகவில்லை. அவரும், முந்திய ஆண்டு கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகன் யோசப் கர்வாலோ சுவாமியும் நோயாளரைத் தேடிப் புறப்பட்டார்கள். கைவிடப்பட்டோருக்குக் குடிசைகளும் வெறும் வீடுகளும் வைத்தியசாலையாயின. உணவும் மருந்தும் கொண்டுபோனார்கள். புண்களைக் கழுவினார்கள், ஊட்டிவிட்டார்கள், இறந்தவர்களுக்குத் தாங்களே குழி வெட்டி அடக்கஞ் செய்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஏறக்குறைய ஓராண்டு இப்பணி நீடித்தது. இந்தக் குருவானவர் இல்லாதிருந்தால் நகரத்து வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று மன்னனே ஏற்றுக்கொண்டதாக வரலாறு சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நோயுற்ற அந்நியனாய் வழியோரம் கிடந்தவர், பத்து ஆண்டுகள் கழித்து, வழியோரம் கிடந்த கண்டிவாசிகளைத் தூக்கி எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அவர் திருப்பிச் செலுத்தியிருக்க முடியாது. வேறு யாருக்கோ செலுத்தினார். கஞ்சிக் கடன் அப்படித்தான் தீரும்.

முனிவர் கோவாவுக்குத் திரும்பவேயில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தமது 59ஆவது வயதில், கண்டியிலேயே உயிர் நீத்தார். 1995 சனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் நமது கொழும்பு மாநகரில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். உங்களில் பலர் அன்று அந்தத் திடலில் பிள்ளைகளோடு நின்றிருப்பீர்கள்.

அந்தத் திடலிலிருந்து கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அங்கே கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்தோமா? மலைநாட்டிலிருந்து வந்து கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் மறைக்கிறான். சொன்னால் நாட்கூலி போய்விடும். இருக்க இடமும் போய்விடலாம். டெங்கு உள்ள இந்நகரில் காய்ச்சலை மறைப்பது எவ்வளவு ஆபத்து! 2020ஆம் ஆண்டின் கடைசியில் கொரோனா நோயால் கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகள் முடக்கப்பட்டபோது, அன்றாட உழைப்பாளரின் பாடு எப்படியிருந்தது என்பதை நாம் கண்ணால் கண்டோம். அடுத்த அறையில் இருமல் கேட்டதும் கதவைச் சாத்தியவர்களும் நம்மில் உண்டு. கதவண்டையில் சாப்பாட்டுப் பார்சலை வைத்துச் சென்றவர்களும் உண்டு.

நாம் கண்டிக் காடுகளுக்குப் போக வேண்டியதில்லை. வைத்தியர் செய்ய வேண்டியதை வைத்தியர் செய்வார். நாம் செய்யக்கூடியவை வேறு. நம் தெருவிலுள்ள லொட்ஜில் நோயாளர் எவரும் தங்கியிருக்கிறார்களா என்று வாரத்தில் ஒரு நாள் விசாரிக்கலாம். சிங்களம் நன்றாய்த் தெரிந்த நம் வாலிபர் ஒருவர் அவர்களோடு கிளினிக்குக்குப் போய், வைத்தியர் சொல்வதைத் தமிழில் விளங்கப்படுத்தலாம். முனிவர் மொழி கற்றது இதற்காகத்தானே! மருந்தை எத்தனை வேளை எடுப்பது என்று விளங்காமல் ஊர் திரும்பும் நோயாளிக்கு அது பெரிய உபகாரம். இரவில் நோயாளியோடு நிற்கும் தாய்க்கு ஒரு நேரச் சாப்பாடு அனுப்பலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் தனியே சுமப்பதை நாலு குடும்பங்கள் சேர்ந்து சுமந்தால் பாரம் தெரியாது.

ஒரு வேளை நீங்களே இந்நகருக்கு வந்து குடியேறியவராயிருக்கலாம். முதன்முதல் வந்த நாளில் உங்களுக்குத் தேநீர் தந்தவர் யார், ஆஸ்பத்திரிக்கு வழி காட்டியவர் யார் என்று இன்றிரவு குடும்பச் செபத்தின்பின் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவருக்குத் திருப்பிக் கொடுக்க இயலாதிருக்கலாம். ஆனால் நாளைக் காலை பஸ்ஸிலிருந்து இறங்கும் குடும்பம் ஒன்று உண்டு, வாசகரே. கடனை அங்கே தீருங்கள்.